காற்று வீசினால் போதுமா? மாற வேண்டாமா?

மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டி ரெம்பாவ் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் என்றால், ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்திய கூடத்தைப் பற்றி ஒருமுறை கேட்டுப் பாருங்கள். காற்றோட்ட அறிவியலின் அடிப்படைப் பாடம் அந்தப் புகைக்கூடத்துக்குள் இருக்கிறது.

பாலை உறைய வைத்து, உருளைகளுக்கு இடையில் அழுத்தி எடுத்த ஷீட்டுகளைக் கூடத்தில் கழிகளில் தொங்கவிடுவார்கள். அடுப்பில் விறகு எரியும். சூடான புகை கீழ்ப்பகுதியில் நுழைந்து, ஷீட்டுகளின் ஈரத்தை வாங்கிக்கொண்டு, கூரைத் திறப்பு வழியே வெளியேறும்.

புகையை மேலே தள்ள மின்விசிறி தேவைப்படவில்லை. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.16 கிலோகிராம். அதே காற்றை 60 பாகைக்குச் சூடாக்கினால் எடை 1.06 கிலோகிராமாகக் குறைகிறது. லேசான காற்று மேலே எழும்பும். அது விட்டுச்சென்ற இடத்துக்கு வெளிக்காற்று கீழிருந்து வரும்.

கூரைத் திறப்பை அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, ஷீட்டில் பூசணம் பிடிக்கும். அளவுக்கு மீறித் திறந்துவைத்தால் சூடு வெளியேறி விறகு வீணாகும். ஆகவே, ஈரம் மிகுந்த தொடக்கத்தில் திறப்பை அகலமாக வைத்துப் பிறகு குறைப்பார்கள். காற்று வர ஒரு வழியும் போக இன்னொரு வழியும் வேண்டும் என்பதே இதிலுள்ள விதி.

ரெம்பாவின் மினாங்கபாவ் பாணி மர வீடுகளிலும் இதைக் காணலாம். தூண்கள் மேல் உயர்ந்த தளம், எதிரெதிர் சன்னல்கள், உயரமான கூரை எல்லாம் காற்று நுழைந்து வெளியேற வழி செய்கின்றன.

சுழலும் காற்று புதிய காற்றா?

இப்போது உங்கள் வகுப்பறைக்கு வருவோம். மின்விசிறி வேகமாகச் சுழன்றால் நல்ல காற்று கிடைக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில், சன்னல்களை மூடிவிட்டால் அது உள்ளே இருக்கும் காற்றையே கலக்கிக்கொண்டிருக்கும். வீடுகளில் சுவரில் மாட்டும் சாதாரணக் குளிர்சாதனமும் அப்படித்தான்: அறைக்காற்றை இழுத்து, குளிரவைத்து, திரும்ப விடும்.

வெளிக்காற்றின் பத்து லட்சம் பங்கில் கரிவளி சுமார் 420 பங்கு. நாம் வெளிவிடும் மூச்சில் அது ஏறக்குறைய 40,000 பங்கு. ஆகவே மூடிய அறையில் கரிவளி ஏறிக்கொண்டே போனால், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார் என்று பொருள். அந்த மூச்சில் காசநோய்க் கிருமியோ கோவிட் கிருமியோ இருந்தால் அதுவும் சேர்ந்தே வரும். மலேசியாவில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010-இல் வெளியிட்ட உட்புறக் காற்றுத் தர விதிமுறை, கட்டட உட்புறக் கரிவளிக்கு 1,000 பங்கை உச்ச வரம்பாக வைத்துள்ளது.

ஓர் உணவகம் கற்பித்த பாடம்

2020 ஜனவரி 24. சீனாவின் குவாங்சோ நகரில், சன்னல் இல்லாத ஓர் உணவகத்தில் மூன்று குடும்பத்தார் அடுத்தடுத்த மேசைகளில் சாப்பிட்டார்கள். அவர்களில் ஒருவருக்குக் கோவிட் தொற்று இருந்தது. பின்னர் மூன்று குடும்பங்களிலும் சேர்த்து, அவர் உட்பட 10 பேருக்கு நோய் கண்டது. மற்ற மேசைகளில் இருந்தவர்களுக்கும் பணியாளர்களுக்கும் வரவில்லை. ஏன்?

ஹாங்காங் பல்கலைக்கழகப் பேராசிரியர் லி யுகுவோவும் குழுவினரும் அந்த அறையைக் கணினியில் மீண்டும் உருவாக்கினார்கள். அறையைக் கண்ணுக்குத் தெரியாத ஏராளமான சிறு பெட்டிகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பெட்டிக்குள் எவ்வளவு காற்று வருகிறது, எவ்வளவு போகிறது, வேகமும் வெப்பமும் எப்படி மாறுகின்றன என்பதை நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் சொல்லும். இவை 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பெட்டி பெட்டியாகக் கணக்கிடக் கணினி வந்த பிறகே இப்படி ஓர் அறை முழுவதையும் ஆராய முடிந்தது.

கணினி சொன்னதை அப்படியே நம்பிவிடாமல், அதே உணவகத்தில் ஒரு வாயுவைச் சிறிதளவு விட்டு, அது எங்கெங்கே பரவுகிறது என்று அளந்தும் பார்த்தார்கள். விடை கிடைத்தது. குளிர்சாதனம் அந்த மூன்று மேசைகளையும் சுற்றி ஒரே காற்றைச் சுழலவிட்டிருந்தது. காற்றை வெளியேற்றும் விசிறிகள் இயங்கவில்லை. ஒருவருக்குக் கிடைத்த புதிய காற்று நொடிக்குச் சுமார் 1 லிட்டர்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த அளவு 10 லிட்டர்! அங்கே காற்று வீசியது, ஆனால் மாறவில்லை.

புதுக் கட்டடம் என்றால் காற்றோட்டமும் சிறப்பாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்து, 2007-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சன்னல்களைத் திறந்தபோது உயரமான கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய அறைகளில் காற்று மணிக்கு 40 முறை மாறியது. புதிய அறைகளில் 17 முறைதான்.

நீங்களே கணக்கிடுங்கள்

10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள வகுப்பறையின் கொள்ளளவு 180 கன மீட்டர். உள்ளே 30 பேர். ஒருவருக்கு நொடிக்கு 10 லிட்டர் என்றால் மொத்தம் 300 லிட்டர். மணிக்கு 1,080 கன மீட்டர். 1,080-ஐ 180-ஆல் வகுத்தால் 6. அதாவது 10 நிமிடத்துக்கு ஒருமுறை அறைக்காற்று மாற வேண்டும்.

கடினமா? ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல் வழியே நொடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் காற்று நுழைந்தாலே 300 லிட்டர் வந்துவிடும். ஆனால் எதிர்ப்பக்கம் அது வெளியேறவும் வழி வேண்டும்!

ஆசிரியர் அனுமதியோடு சன்னல் அருகே சோப்புக் குமிழி ஊதிப் பாருங்கள். குமிழி 10 நொடியில் 3 மீட்டர் நகர்ந்தால் அந்த வேகம் கிடைத்துவிட்டது. எதிர்ச் சன்னலை மூடிவிட்டு மறுபடி ஊதுங்கள். வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் மட்டும் விதிவிலக்கு: புகைமூட்டத்தால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு உயரும்போது சன்னலை மூடத்தான் வேண்டும். அப்போது நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உதவும். மற்ற நாள்களில், நாளை காலை வகுப்புக்குள் முதலில் நுழைபவர் மின்விசிறியைத் தட்டுவதற்கு முன் இரு பக்கச் சன்னல்களையும் திறந்துவிடுங்கள்.