பழவேற்காட்டின் கண்ணாடித் துணி

பழவேற்காட்டில் படகு வைத்திருப்பவருக்கு இன்று துணி வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். உடுக்கும் துணி அல்ல, கண்ணாடியை உருக்கி மெல்லிய இழையாக இழுத்துச் செய்த துணி. படகுப் பட்டறையில் அதை மேட் என்பார்கள், ரோவிங் என்பார்கள். அதை ரெசின் என்னும் பிசினில் நனைத்து அச்சின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் பைபர் படகு. கோட்டைக்குப்பத்திலும் லைட்ஹவுஸ் குப்பத்திலும் கூனங்குப்பத்திலும் கரையில் வரிசையாக நிற்பவை பெரும்பாலும் அவைதான்.

துணி பார்த்து வாங்குவது இந்த ஊருக்குப் புதிதல்ல. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டியதற்கு முக்கியக் காரணம் துணி. சோழமண்டலக் கரையில் நெய்த துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கிழக்கே தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் கிடைத்தன. மாதிரித் துணியை வைத்துக்கொண்டு நெசவையும் நீள அகலத்தையும் சாயத்தையும் ஒப்பிட்டு வாங்கினார்கள். அப்படித் துணி விற்ற ஊரில், பல லட்சம் கடன் பட்டுப் படகு எடுக்கும் ஒருவர் அதில் எந்த மேட் போட்டார்கள், எத்தனை அடுக்கு போட்டார்கள் என்று கேட்காமலே பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார். என் ஆதங்கம் இதுதான்.

மரத்தின் காலத்தில் யாரும் இப்படி வாங்கியதில்லை. கட்டுமரத்துக்கு எடை குறைந்த, தண்ணீரை மெல்லக் குடிக்கும் மரம் வேண்டும். மரத்தை உருட்டிப் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், வெட்டிய முகத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். கடலுக்குப் போய்வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் கரையில் காயப் போடுவார்கள். காயாத மரம் அடுத்த நாள் கனக்கும். அலையைத் தாண்டிப் பெரிய வலை போட்ட படகுகள் வேறு வகை. ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னைநார்க் கயிற்றால் தைத்த படகுகள் அவை. கரையில் மோதும்போது தையல் கொஞ்சம் இளகிக் கொடுக்கும், பலகை உடையாது. எந்தக் கயிறு நைந்தது, எந்தப் பலகை மக்கியது என்று படகின் சொந்தக்காரரே விரலை வைத்துச் சொல்வார். பட்டறைக்காரருக்குத் தெரிந்தது படகுக்காரருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வாழ்க்கையை நான் மெச்சவில்லை. கட்டுமரத்தில் போகிறவர் இடுப்புவரை நனைந்தேதான் தொழில் செய்தார். மரத்தைப் புழு துளைத்தது. சில வருடங்களில் மரம் கனத்துப்போய் வேறு தேட வேண்டியிருந்தது, நல்ல மரமும் அருகிப்போனது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியபோது, அலை அடிக்கும் மணற்கரையில் இழுத்து ஏற்றக்கூடிய புதுப் படகு ஒன்றை உருவாக்குவது அதன் வேலைகளில் ஒன்றாக இருந்தது. எண்பதுகளில் பைபரில் மாதிரிகள் செய்து கிழக்குக் கரையில் ஓட்டிப் பார்த்தார்கள். மெல்லத்தான் பரவியது. அதைத் தலைகீழாக மாற்றியது 2004 டிசம்பர் 26.

சுனாமிக்குப் பிறகு அரசும் தொண்டு நிறுவனங்களும் போட்டி போட்டுக்கொண்டு படகு கொடுத்தன. கொடுக்கப்பட்டவை பெரும்பாலும் பைபர் படகுகள். தமிழ்நாட்டுக் கரை முழுக்கப் புதிய பட்டறைகள் முளைத்தன. அவசரத்தில் அடுக்கு குறைந்த படகுகளும், மழையில் நனைந்த மேட்டைக் கொண்டு செய்த படகுகளும் வந்தன. கொடுத்தவர்கள் எண்ணிக்கையைப் பார்த்தார்கள். வாங்கியவர்கள் இலவசமாக வந்ததைக் கேள்வி கேட்கும் நிலையில் இல்லை. பைபர் படகு கட்டுவது பற்றி உணவு வேளாண்மை நிறுவனம் விளக்கமான கைநூல் ஒன்றை வெளியிட்டது 2009-இல். அதற்குள் படகுகள் கரை சேர்ந்துவிட்டன.

இப்போது துணிக்கு வருகிறேன். மேட் என்பது நெய்த துணியல்ல. இரண்டு அங்குல நீளத்துக்கு வெட்டிய இழைகளைத் தாறுமாறாகப் பரப்பி, ஒருவகைப் பசையால் பிடித்து வைத்தது. ரெசின் பட்டதும் அந்தப் பசை கரைந்து, மேட் இளகி, வளைவுக்கு ஏற்றபடி படியும். தண்ணீர் புகாமல் காப்பதும் அடுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டவைப்பதும் இதன் வேலை. ரோவிங் நெய்தது. பாய் முடைந்ததுபோல் தடித்த இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். படகின் வலு அதில்தான். ரோவிங்கை மட்டும் அடுக்கினால் அடுக்குகள் பிரிந்து வரும், மேட்டை மட்டும் அடுக்கினால் அடி பட்டதும் விரிசல் விடும். மேட், ரோவிங், மீண்டும் மேட் என்று மாற்றி மாற்றிப் போடுவதுதான் முறை. வெளிப்பூச்சான ஜெல்கோட்டை ஒட்டி வரும் முதல் அடுக்கு மேட்டாக இருக்க வேண்டும். ரோவிங் வந்தால் அதன் நெசவு வெளியே தெரியும், நாளடைவில் அந்தக் கோடுகளின் வழியே தண்ணீரும் உள்ளே போகும்.

இதே கண்ணாடித் துணியில்தான் சினிமாவுக்குக் கவசமும் கிரீடமும் செய்கிறார்கள். அங்கே தேவை வேறு. சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவிலான மெல்லிய நெசவுத் துணி இரண்டு மூன்று அடுக்கு போதும். நடிகர் சுமக்க வேண்டும், மேல்பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் கவசம் செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் படகு மேட்டை வாங்கினால் கவசம் தடித்துக் கனத்துப்போகும். அந்த மெல்லிய துணியைப் படகின் அடியில் ஒட்டினாலோ ஒரு பருவம்கூடத் தாங்காது. கடையில் எல்லாமே வெள்ளைச் சுருளாக நிற்பதால் கிராம் கேட்காமல் வாங்கக்கூடாது.

மேட் 300, 450, 600 கிராம் என்று வரும். ரோவிங்கில் 360, 610 கிராம் பழக்கமானவை. சதுர மீட்டர் ஒன்றின் எடை அது. சுருளின் மேல் எழுதியிருப்பதை நம்ப வேண்டியதில்லை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெட்டி, மீன் நிறுக்கும் தராசில் போட்டாலே தெரிந்துவிடும். சுருளை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இழை சில இடத்தில் அடர்த்தியாகவும் சில இடத்தில் ஓட்டையாகவும் இருந்தால் புலப்படும். அப்படிப்பட்டதை வாங்க வேண்டாம். எதற்கான மேட் என்பதையும் கேட்க வேண்டும். படகில் போடும் பாலியெஸ்டர் ரெசினில்தான் மேட்டின் பசை கரையும். எப்பாக்ஸி போடுவதாக இருந்தால் நெசவுத் துணிதான் சரி. ரெசினிலும் கடல்நீரைத் தாங்கும் ஐசோ வகை உண்டு, மலிவான சாதாரண வகை உண்டு. மலிவானதில் சில வருடங்களில் அடிப்பாகம் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கும்.

பழவேற்காட்டுக்கென்று தனிச் சிக்கல்கள் இரண்டு. சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது, காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். ஈரம் ஏறிய மேட் ரெசினைச் சரியாகக் குடிக்காது, வெள்ளைத் திட்டாக நிற்கும். வாங்கிய சுருளைப் பிளாஸ்டிக் உறையோடு தரையில் படாமல் வைத்து, ஒட்டுவதற்கு முன் வெயிலில் காட்ட வேண்டும். அடுத்தது முகத்துவாரம். அது தூர்ந்துபோகும் மாதங்களில் படகின் அடி மணலில் உராய்ந்தபடியே போகிறது. கட்டுமரம் அந்த ஆழம் குறைந்த நீரில் சறுக்கிக்கொண்டு போனது. பைபர் படகின் அடிப்பூச்சு தேய்ந்தால் இழை வெளியே வந்து தண்ணீரை உறிஞ்சும். இங்கே ஓடும் படகுக்கு அடியில் கூடுதல் அடுக்கு கட்டாயம். வேறு கரையின் அச்சில் செய்த படகை அப்படியே வாங்குவது சரியல்ல.

பழுது பார்க்கும் வேலை இப்போது வீட்டு வாசலிலேயே நடக்கிறது. கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வெறும் விரலால் மேட்டை ஒட்டுகிறார்கள். தேய்க்கும்போது பறக்கும் தூள் தோலில் அரிக்கும், நெஞ்சிலும் இறங்கும். முகமூடியும் கையுறையும் மேட்டின் விலையில் சேர்ந்த செலவு என்றே நினைக்க வேண்டும். ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றாக ஊற்றவே கூடாது, வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டைக் கலக்கி, பிறகுதான் கேட்டலிஸ்ட். குழந்தைகள் விளையாடும் திண்ணையில் இந்தப் பாட்டில்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது.

காலம் முடிந்த கட்டுமரம் அடுப்புக்குப் போனது. பைபர் படகை எரித்தால் நச்சுப் புகை, புதைத்தால் மக்காது. உடைந்த படகுகள் கரையிலேயே கவிழ்ந்து கிடக்கின்றன, அவற்றின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. மானியம் கொடுத்துப் படகு தரும் அரசுதான் பழைய படகைத் திரும்ப எடுக்கும் ஏற்பாட்டையும் செய்ய வேண்டும்.

அதுவரை படகு வாங்குகிறவர்கள் செய்யக்கூடியவை உண்டு. உள்பக்கம் பெயின்ட் அடிக்கும் முன் படகைப் பார்க்க வேண்டும் என்று பட்டறையில் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வெளியே விளக்கை வைத்து உள்ளிருந்து பார்த்தால் காற்றுக் குமிழ்கள் தெரியும். நாணயத்தால் படகின் உடலைத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வரும் ஒலி ஓரிடத்தில் மங்கினால் அங்கே அடுக்கு ஒட்டவில்லை. விளிம்பிலிருந்து வெட்டி எறியும் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, திறந்தவெளியில், புகைபடாத தூரத்தில் நின்று எரியுங்கள். ரெசின் எரிந்துபோய்க் கண்ணாடி அடுக்குகள் தனித்தனியே பிரிந்து நிற்கும், எண்ணிவிடலாம். ரசீதில் மேட்டின் கிராமும் அடுக்கின் எண்ணிக்கையும் ரெசினின் வகையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் பட்டறையில் படகு வாங்காதீர்கள். குப்பத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து மொத்தமாக மேட் வாங்கி நிறுத்துக் கொடுத்தால், தனி ஆள் ஏமாறுவதும் குறையும்.