விண்ணிலிருந்து வந்த தூதுகள்



மின்னலைக் கண் காண்கின்றது. சற்றுப் பின்னர் இடியைச் செவி கேட்கின்றது. நிகழ்வு ஒன்றே, அதை அறிவிக்கும் தூதுகள் இரண்டு. இவ்வாறே, தொலைவில் நிகழ்ந்த விண்மீன் மோதல் ஒன்றை 2017 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 ஆம் நாள் முதல் பல தூதுகள் நமக்கு அறிவித்தன.

பெரும் விண்மீன் வெடித்தபின் எஞ்சும் கரு, நியூத்திரன் விண்மீன் ஆகலாம். சூரியனிலும் கூடிய திணிவு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் விட்டமுள்ள கோளத்தினுள் அடங்கியிருக்கும். அத்தகைய இரண்டு, ஒன்றையொன்று சுற்றி நெருங்கி மோதின. இடம், 13 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால்.

முதலில் வந்தது ஈர்ப்பலை. அமெரிக்காவின் லைகோ நிலையங்கள் அதனை ஏறத்தாழ 100 வினாடிகள் பதிவு செய்தன. அது முடிந்து 1.7 வினாடியில் காமாக் கதிர்கள் வந்தன. 13 கோடி ஆண்டுப் பயணத்தில் இரண்டு வினாடிகூட வேறுபடவில்லை! ஈர்ப்பலையும் ஒளியும் ஒரே வேகத்திற் செல்லும் என்ற ஐன்ஸ்டைனின் கொள்கை இதனால் வலுப்பெற்றது.

ஏறத்தாழ 11 மணி நேரத்தின் பின் சிலி நாட்டிலுள்ள தொலைநோக்கியொன்று ஒளியைக் கண்டது. பொன், பிளாட்டினம் போன்ற பாரமான மூலகங்கள் இத்தகைய மோதல்களில் உருவாகின்றன என்பதற்கு அவ்வொளி சான்று பகர்ந்தது. நம் அன்னையரின் தாலிப் பொன்னும், சூரியன் பிறக்குமுன் இவ்வாறு தோன்றியிருக்கக்கூடும்.

நியூத்திரினோ என்னும் நுண்துகளையும் தென்துருவப் பனியினுள் அமைந்த ஐஸ்கியூப் நிலையம் தேடியது, ஒன்றும் கிட்டவில்லை. வராத தூதும் ஒரு செய்தியே. மோதலிற் பீறிட்ட துகட்தாரை நம்மை நேராக நோக்கவில்லை என்ற கருத்துடன் அது பொருந்துகின்றது.

ஒன்பதாம் நாள் எக்ஸ் கதிர்களைக் கண்டது, விண்ணிற் சுற்றும் சந்திரா தொலைநோக்கி. நமது நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து பேருந்திற் சென்றுவரக்கூடிய மக்கில் பல்கலைக்கழகத்தில், டாரில் ஹகார்ட் அம்மையாரின் குழுவினரும் அதன்வழி ஆராய்ந்தனர். அவ்வாண்டு டிசெம்பரில் அக்கதிர்கள் மங்காது மேலும் பிரகாசித்திருந்ததை அவர்கள் கண்டறிந்தனர்.

சந்திரா என்பது யாருடைய பெயர்? சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரே அது. 1930 இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்கையில், ஓரளவுக்கு மேற்பட்ட திணிவுள்ள விண்மீன் வெண்குறளியாக நிலைக்க முடியாது என அவர் கணித்தார். பேரறிஞர் எடிங்டன் அதனை ஏற்க மறுத்தார். இளைஞர் தம் கணிதத்தைக் கைவிடவில்லை. 1983 இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது.

செல்வங்களே, அவர் பெயர் தாங்கிய தொலைநோக்கியின் தரவுகள் நம் நகரிலேயே ஆராயப்பட்டன. நாளை அவற்றை ஆராய்வோருள் நீங்களும் ஒருவராகலாம்.