உங்களைப் பற்றி யாரிடம் கேட்கலாம்?



நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவின் பிரதிநிதி அவர். வயது நாற்பதைத் தொட்டுவிட்டது. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருவர்தான். வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் நாலு வருஷம் வேலை பார்த்தார். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் இருமல் வந்து நின்றுவிட்டார். அதன்பிறகு ஒரு தனியார் கல்லூரியின் பெண்கள் விடுதியில் ஸ்டோர் ரூம் பார்க்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டார். நேர்காணலுக்குப் போய் நன்றாகவே பதில் சொல்லிவிட்டு வந்தார். "விசாரிச்சுட்டு சொல்றோம்" என்றார்கள். அதோடு சரி, தகவலே வரவில்லை.

"பத்தாவதுதானே படிச்சிருக்கேன், அதான் எடுக்கல" என்று அவராகவே ஒரு காரணம் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டார். நடந்தது வேறு. இரண்டு மாதம் கழித்து அந்த விடுதியில் வேலை செய்யும் ஒரு அக்கா மூலம்தான் விஷயம் தெரிந்தது. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ‘உங்களை நன்கு அறிந்த, உறவினர் அல்லாத இரண்டு பேரின் பெயர், முகவரி, போன் நம்பர்’ என்று ஒரு இடம் இருந்திருக்கிறது. நம் சகோதரி அதில் முன்னாள் ஊராட்சித் தலைவர் பெயரையும், தாய்மாமன் பெயரையும் எழுதியிருந்தார். கல்லூரி ஆபீஸிலிருந்து தலைவருக்குப் போன் செய்திருக்கிறார்கள். அவர், "அந்தப் பேர்ல எங்க ஊர்ல நாலஞ்சு பேர் இருக்காங்களே, நீங்க யாரைக் கேக்கறீங்க?" என்றாராம். மாமாவின் போன் சுவிட்ச் ஆப். உடனே வேறொருவரைக் கூப்பிட்டு வேலையைக் கொடுத்துவிட்டார்கள்.

தலைவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன் என்று அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

இந்த இடத்தைத்தான் ‘ரெபரன்ஸ்’ என்கிறார்கள். நம் உறுப்பினர்களில் பலர் இன்று மில், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை என்று வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகளும் படித்துவிட்டு விண்ணப்பம் போடுகிறார்கள். விண்ணப்பத்தில் மற்றதையெல்லாம் நாலு பேரிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறோம். இந்த இரண்டு வரியை மட்டும் கடைசியில் அவசரமாக நிரப்பிவிடுகிறோம்.

ஜாமீன் வேறு, இது வேறு

முதலில் ஒரு பயத்தைப் போக்க வேண்டும். ஒரு குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசியபோது, "பேர் குடுத்தா நாளைக்கு அவ பணத்தை எடுத்துட்டுப் போயிட்டா நாம கட்டணுமா?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஜாமீன் கையெழுத்துப் போட்டு நகையை இழந்தவர்கள் நம் ஊர்களில் உண்டு. ஜாமீன் என்பது கடனுக்குப் பொறுப்பு ஏற்பது. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. ரெபரன்ஸ் அப்படி இல்லை. ‘இவரை எனக்குத் தெரியும், இன்ன வேலையில் பார்த்திருக்கிறேன்’ என்று தெரிந்ததை உண்மையாகச் சொல்வது மட்டும்தான். பணப் பொறுப்பு எதுவும் கிடையாது.

ஆனால் சில இடங்களில் ரெபரன்ஸ் என்று சொல்லிக்கொண்டு, ‘இவரால் நஷ்டம் வந்தால் நான் ஈடுகட்டுகிறேன்’ என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அது ஜாமீன்தான். படித்துப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், யாரையும் போடச் சொல்லவும் வேண்டாம்.

பெரிய மனிதரா, பார்த்த மனிதரா?

பெரிய ஆள் பெயர் போட்டால் வேலை கிடைத்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். எங்களில் ஒருவரே சமூகப்பணி படிப்பு முடித்து முதல் வேலைக்குப் போனபோது, கட்சிப் பிரமுகர் ஒருவரின் கடிதத்துக்காக மூன்று நாள் அலைந்தார். நேர்காணல் செய்தவர் அந்தக் கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "களப்பணிப் பயிற்சியில உங்களை மேற்பார்வை பார்த்தது யாரு? அவங்க நம்பர் குடுங்க" என்றுதான் கேட்டார்.

வேலை கொடுப்பவர் போனில் என்ன கேட்பார் என்று நினைத்துப் பாருங்கள். இவங்களை எத்தனை வருஷமா தெரியும்? எப்படித் தெரியும்? நேரத்துக்கு வருவாங்களா? பணம், பொருள் கையில் கொடுத்தால் கணக்கு ஒப்படைப்பாங்களா? நாலு பேரோடு ஒத்துப்போவாங்களா? முன்னே இருந்த வேலையை ஏன் விட்டாங்க? இரண்டு, மூன்று நிமிஷப் பேச்சுத்தான். இதற்கெல்லாம் உங்களை வேலை செய்யும்போது பார்த்தவரால்தான் பதில் சொல்ல முடியும். ஊர்ப் பெரியவர் "நல்ல குடும்பம், நம்ம பொண்ணுதான்" என்பார். அதைக் கேட்டு ஸ்டோர் ரூம் சாவியை யார் கொடுப்பார்கள்?

"எங்களுக்கு அப்படி யாரைத் தெரியும், நாங்க என்ன ஆபீசிலயா வேலை பார்த்தோம்?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் யோசித்தால் ஆள் இருக்கிறார்கள். மில்லில் இருந்தவர்களுக்கு அங்கே சூப்பர்வைசரோ மேஸ்திரியோ இருப்பார். குழுவின் ஊக்குநர், பிரதிநிதியாக மாதாமாதம் வங்கிக்குப் போய்த் தவணை கட்டுகிறவரை அந்த வங்கி அலுவலருக்கு முகம் பார்த்தே தெரியும். குழுவின் கணக்கு நோட்டு எழுதுகிறவரின் கூட்டல் கழித்தல் எப்படி என்பது, வருஷா வருஷம் தணிக்கைக்கு வருகிறவருக்குத் தெரியும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதனால் நம் உறுப்பினர்கள் பலர் அதில் இருக்கிறார்கள். உங்கள் பொறுப்பு எப்படி என்று அந்தத் தலைமை ஆசிரியர் சொல்லலாம். 2020-ல் கொரோனா காலத்தில் எத்தனையோ குழுக்கள் ராத்திரி பகலாக முகக்கவசம் தைத்துக் கொடுத்தன. அந்த ஆர்டரைச் சொன்ன தேதிக்கு வாங்கிப்போன அலுவலருக்கு உங்கள் வேலை நினைவிருக்காதா? பிள்ளைகள் என்றால் கல்லூரிப் பேராசிரியர், தையல் அல்லது கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தின் ஆசிரியர், பகுதி நேரமாக வேலை பார்த்த கடையின் முதலாளி.

அண்ணன், மாமா, வீட்டுக்காரர் பெயரெல்லாம் வேண்டாம். உறவினர் நல்லதுதான் சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அதற்கு மதிப்பில்லை. இரண்டு பேரும் ஒரே இடத்து ஆளாக இல்லாமல், ஒருவர் பழைய வேலை, இன்னொருவர் குழு வேலை என்று இருந்தால் நல்லது.

முதலில் கேளுங்கள்

பெயர் எழுதுவதற்கு முன் அந்த நபரிடம் நேரில் போய்க் கேட்க வேண்டும். "சார், இன்ன இடத்துல இன்ன வேலைக்கு மனு போடுறேன். உங்க பேரைக் குடுக்கலாமா? என் வேலையைப் பத்தி நல்லபடியா சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். அவர் இழுத்தாலோ, "பார்க்கலாம்" என்றாலோ வருத்தப்படாமல் வேறு ஆளைப் பாருங்கள். அரை மனதோடு பேசுகிறவர் போனில் "ம்... பரவாயில்லை" என்று சொன்னாலே வேலை போய்விடும்.

சரி என்றவரிடம் உங்கள் முழுப் பெயர், ஊர், குழுவின் பெயர், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை அவரோடு வேலை செய்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். உங்கள் மனுவில் உள்ள வருஷமும் அவர் சொல்லும் வருஷமும் ஒன்றாக இருக்க வேண்டும். நம்மை ஊரில் ஒரு பெயரில் கூப்பிடுவார்கள், ஆதாரில் வேறு பெயர் இருக்கும். ஆதாரில் உள்ள பெயரையும் அவருக்குச் சொல்லி வையுங்கள்.

போன் நம்பரை அவர் எதிரிலேயே ஒருமுறை அழைத்துச் சரிபாருங்கள். இப்போது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் யாரும் எடுப்பதில்லை, லோன் வேண்டுமா என்று கேட்பவர்களாக இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வாரம் போன் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் எடுப்பார். ரெபரன்ஸ் விசாரிக்கிறோம் என்று சொல்லி ஓ.டி.பி., வங்கிக் கணக்கு நம்பர் கேட்டால் உடனே போனை வைத்துவிடச் சொல்லுங்கள். விசாரிப்பவருக்கு அதெல்லாம் தேவையே இல்லை. ரெபரன்ஸ் போட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜெண்டும் வேண்டாம்.

இன்னொன்றை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறோம். கணவரைப் பிரிந்து வாழும் ஒரு சகோதரி. அவர் பெயர் கொடுத்த நபர், நல்லது செய்வதாக நினைத்து, "பாவம், புருஷன் விட்டுட்டுப் போயிட்டான், ஒரு வேலை போட்டுக் குடுங்க" என்று போனில் சொல்லியிருக்கிறார். அவர் வேலை எப்படி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பேச்சு ஆபீஸ் முழுக்கப் பரவி, வேலை கிடைத்தும் அந்தச் சகோதரி அங்கே நிம்மதியாக இருக்க முடியவில்லை. ஆகவே, "வேலையைப் பத்தி மட்டும் சொல்லுங்க, வீட்டு விஷயம் வேண்டாம்" என்று கேட்டுக்கொள்வதில் கூச்சமே படாதீர்கள். வாயைக் கட்டத் தெரியாதவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் பெயரைக் கொடுக்க வேண்டாம்.

சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால்?

சம்பள பாக்கிக்காகவோ, தப்பாக நடந்துகொண்டவரை எதிர்த்துக் கேட்டோ வேலையை விட்டவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அங்கே மேலாளர் நல்ல வார்த்தை சொல்ல மாட்டார். அவர் பெயரைத்தான் கொடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உங்களோடு வேலை பார்த்து, வேறு இடத்துக்கு மாறிப்போன சூப்பர்வைசர் இருந்தால் அவரைக் கேளுங்கள். பி.எஃப். பிடித்தம் இருந்தால் 2014 முதல் யூ.ஏ.என். என்ற 12 இலக்க எண் கொடுக்கிறார்கள். எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விட்டீர்கள் என்பது அந்தக் கணக்கில் பதிவாகியிருக்கும். யார் சாதகமாகப் பேசினாலும் பேசாவிட்டாலும் நீங்கள் வேலை பார்த்ததற்கு அது சாட்சி. இனிமேல் எந்த வேலையை விட்டாலும் கையோடு பணிச் சான்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி மேலாளர், தலைமை ஆசிரியர் மாற்றலாகிப் போகும்போதும் ஒரு கடிதமும் புது நம்பரும் கேட்டு வைக்கலாம்.

குழுவே கடிதம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். தீர்மான நோட்டில் எழுதி, ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்திட்டு, இத்தனை வருஷமாக உறுப்பினர், இன்ன பொறுப்பில் இருந்தார், கடனைத் தவணை தவறாமல் கட்டினார் என்று எழுதிக் கொடுக்கலாம். கேட்கிறவர் ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ இருந்தால் அவருக்குப் பதில் வேறு இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்துப் போடட்டும். ஆனால் நோட்டில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். ஒரு குழுவில், கணக்கே எழுதாத ஒருவருக்கு ஐந்து வருஷம் கணக்கு எழுதியதாகக் கடிதம் கேட்டார்கள். "நம்ம புள்ளதானே, எழுதிக் குடுத்தா என்ன?" என்று பாதிப் பேர், முடியாது என்று பாதிப் பேர். கூட்டம் இரவு ஒன்பது மணிவரை நடந்தது. கடைசியில், அவர் எட்டு வருஷமாகச் சேமிப்பை ஒரு மாதம்கூட விடாமல் கட்டியதையும், குழுவின் மசாலாப்பொடி விற்பனைக்குச் சந்தையில் நின்றதையும் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மளிகைக் கடையில் விற்பனை வேலைக்கு அந்தக் கடிதம்தான் பொருத்தமாக இருந்தது.

முதலில் சொன்ன சகோதரி அடுத்த தடவை ஒரு மருத்துவமனை கேன்டீனில் ஸ்டோர் வேலைக்கு மனு போட்டார். இந்த முறை மில்லில் அவருக்கு மேலே இருந்த சூப்பர்வைசர் அம்மாவையும், குழுக் கணக்கைத் தணிக்கை செய்பவரையும் நேரில் பார்த்துக் கேட்டுவிட்டு எழுதினார். தணிக்கை செய்பவருக்கு மட்டும்தான் போன் வந்தது. "ஒரு தடவை பதினேழு ரூபாய் இடிக்குதுன்னு ராத்திரி உக்காந்து கண்டுபிடிச்ச ஆளு அவங்க" என்று சொன்னாராம். மறுநாள் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

விண்ணப்பம் வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கையோடு எடுத்து வாருங்கள். அந்தக் கடைசிப் பக்கத்தை உட்கார்ந்து சேர்ந்து நிரப்பலாம்.