ஸ்பீக்கர் பெட்டி வாங்கணுமா, செய்யலாமா?

எங்கள் ராயபுரம் வீட்டில் பாடுவது நாங்களே செய்வித்த பெட்டிதான். ரிச்சி தெருவில் 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு வாங்கி, ஆசாரியிடம் முக்கால் அங்குல பிளைவுட் கொடுத்தோம். பின்பலகை இறுக்கமாக இருக்கணும். திறந்திருந்தால், பின்னால் வரும் ஓசை முன்னால் வரும் கனத்த ஓசையைத் தின்றுவிடும்! கடற்காற்றில் ஒயர் முனையில் களிம்பு ஏறும்; சுரண்டி விடுங்கள். கோன் கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம், அதுதான் லாபம்.

ஆனால் கரண்டில் சொருகும் ஆம்ப்ளிஃபயரை மட்டும் கடையில் கேரண்டியோடு வாங்குங்கள். தவழுகிற குழந்தை உள்ள வீடாச்சே! வாங்கினாலும் செய்தாலும் சத்தத்தில் கவனம் வேண்டும். குழந்தைகளுக்கு 75 டெசிபலில் வாரம் 40 மணி நேரம்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பக்கத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், உடனே குறைத்துவிடுங்கள்.