காணாமல் போன விண்வெளித் தக்காளி

பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறீர்கள். திரும்பி வந்தால் அது வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதுவரை யார் பிடித்துக்கொண்டிருந்தார்கள்? புவியீர்ப்பு விசைதான்! பொருள்களைப் பத்திரப்படுத்தும் வேலையில் பாதியை அதுவே நமக்காகச் செய்துவிடுகிறது.

அந்த உதவி கிடைக்காத வீடு ஒன்று உண்டு. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிவரும் சர்வதேச விண்வெளி நிலையம். 2000 நவம்பரிலிருந்து ஒருநாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. உணவுப் பொட்டலம், துணிமணி, மருந்து, ஆய்வுக் கருவிகள், திருகாணிகள் என்று அங்கே ஏகப்பட்ட சாமான்கள்.

அவ்வளவு உயரத்தில் ஈர்ப்பு விசையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது! தரையில் உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அங்கும் உண்டு. ஆனால் நிலையமும், உள்ளே இருப்பவர்களும், அவர்கள் கையிலிருக்கும் ஸ்பானரும் சேர்ந்தே பூமியை நோக்கி விழுந்துகொண்டிருக்கின்றன. கூடவே மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் பாய்வதால், தரையில் மோதாமல் பூமியைச் சுற்றி வருகின்றன. எல்லாம் ஒன்றுபோல விழுவதால் எதுவும் எதன்மேலும் அழுந்தி உட்காராது. கையை விட்டால் ஸ்பானர் மிதக்கத் தொடங்கிவிடும்.

மிதந்து எங்கே போகும்? நிலையத்துக்குள் மின்விசிறிகள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால், தூங்குபவர் வெளிவிடும் கரியமில வாயு அவர் முகத்தருகிலேயே தேங்கி நின்றுவிடும். அந்தக் காற்றோட்டம் பொருள்களையும் மெல்ல மெல்ல காற்றை உள்ளிழுக்கும் வலைத்தட்டுகள் பக்கம் கொண்டுபோகும். ஏதாவது தொலைந்தால் விண்வெளி வீரர்கள் அங்கே போய்ப் பார்ப்பது வழக்கம்.

அதனால் அங்கே எதையும் சும்மா வைக்க முடியாது. உங்கள் செருப்பில் 'பர்ர்' என்று பிரியுமே வெல்க்ரோ பட்டை, அதில் ஒட்டவேண்டும். அல்லது பையில் போட்டு மூடவேண்டும். அல்லது ரப்பர் கயிற்றில் செருகவேண்டும். பொருள்களுக்கும் பைகளுக்கும் பார்கோடு உண்டு. எதை எங்கே வைத்தார்கள் என்று கணினியில் பதிவாகும். அந்தக் கணக்கைக் கவனிக்கவே தரைக்கட்டுப்பாட்டு மையத்தில் தனி ஆட்கள் இருக்கிறார்கள்.

பார்கோடில் ஒரு சிக்கல்: அதைக் கருவிக்கு நேராகக் காட்டினால்தான் படிக்கும். அதனால் 2017இல் வேறொரு முறையைச் சோதிக்கத் தொடங்கினார்கள். பொருளின்மேல் சின்னஞ்சிறு சில்லு பதித்த சீட்டு. அதில் பேட்டரியே கிடையாது! அறையிலுள்ள கருவி ரேடியோ அலையை அனுப்பும். அந்த அலையிலிருந்தே சில்லு மின்சாரம் பெற்றுத் தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். மூடிய பைக்குள் இருந்தாலும் சொல்லும். ஆனால் சுற்றிலுமுள்ள உலோகத்தில் அலைகள் பட்டுத் தெறிப்பதால், குரல் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கடினம்.

இவ்வளவு செய்தும் பொருள்கள் தொலைகின்றன. ஃபிராங்க் ரூபியோ என்ற வீரர் அங்கே விளைந்த தக்காளியைப் பைக்குள் வைத்து வெல்க்ரோவில் ஒட்டியதாகத்தான் நினைத்தார். காணவில்லை! மணிக்கணக்கில் தேடினார். 2023 செப்டம்பரில் அவர் பூமிக்குத் திரும்பிய பிறகு, டிசம்பரில்தான் அது கிடைத்தது. வற்றிச் சுருங்கியிருந்தாலும் பூஞ்சை பிடிக்கவில்லை. நிலையத்துக்கு வெளியே தொலைந்தால் கதை வேறு. 2008 நவம்பரில் விண்நடையின்போது ஒரு கருவிப்பை கைநழுவிப் போனது. அது தனியாகப் பூமியைச் சுற்றி, 2009 ஆகஸ்டில் வளிமண்டலத்தில் எரிந்துபோனது.

இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பரணுக்கோ அலமாரிக்கோ விண்வெளி நிலையத்தில் இருப்பதுபோல் ஒரு கணக்கு தொடங்குங்கள். பெட்டிகளுக்கு எண் ஒட்டுங்கள். எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். எடுப்பவர் பெயரையும் தேதியையும் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து நோட்டையும் பெட்டிகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, எத்தனை பொருள்கள் இடம் மாறியிருந்தன என்று எங்களுக்கு எழுதுங்கள்.