ஆண்டு வாசிப்பு இலக்கு

ஆண்டு வாசிப்பு இலக்கு என்பது ஓராண்டில் படித்து முடிக்கவேண்டிய நூல்களின் எண்ணிக்கையை வாசகர் முன்கூட்டியே தீர்மானித்துக் கொள்வதாகும். குட்ரீட்ஸ் இணையத்தளம் 2011 முதல் இதனை ஆண்டுதோறும் ஒரு போட்டியாக நடத்தி வருகின்றது.

நூல்களை எண்ணுவதில் சிக்கல் உண்டு. கல்கியின் பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களைக் கொண்டது. அதனை ஒரு நூலாகவோ ஐந்து நூல்களாகவோ கணக்கிடலாம். இலக்கை எட்டுவதற்காகப் பெரிய நூல்களைத் தவிர்க்கும் போக்கும் ஏற்படக்கூடும். ஆகவே சிலர் பக்கங்களைக் கணக்கிடுகின்றனர். நாளொன்றுக்கு 20 பக்கங்கள் படித்தால் ஓராண்டில் 7,300 பக்கங்கள் ஆகும். ஆவடி, அம்பத்தூர் பகுதிகளிலிருந்து சென்னை சென்ட்ரலுக்குப் புறநகர்த் தொடர்வண்டியில் நாள்தோறும் சென்றுவருவோர் இவ்வளவையும் பயணத்திலேயே படித்துவிட இயலும்.

படித்து முடித்த நூலைப் பற்றிய கருத்துகளைப் பகிர்வதற்குப் பொது நூலகங்களின் வாசகர் வட்டங்கள் உதவுகின்றன. எத்தனை நூல்கள் என்பதை எண்ணிக்கை காட்டும். நூல் எந்த அளவு உள்வாங்கப்பட்டது என்பது அதனைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே வெளிப்படும்.