பெற்றோலும் மிஞ்சும், உயிரும் மிஞ்சும்: ஆனால் மெதுவோட்டத்துக்கும் முறை உண்டு

பெற்றோல் விலை ஏறும்போதெல்லாம் ஜேர்மனியில் வாழும் எமது மக்களிடையே ஒரு விவாதம் எழுவதுண்டு. மெதுவாக ஓடினால் எண்ணெய் மிஞ்சும் என்பர் ஒரு சாரார். ஓட்டோபானில் மெதுவாக ஓடுவதே ஆபத்து, பின்னால் வருபவன் இடித்துவிடுவான் என்பர் மறு சாரார். இரு கூற்றுகளிலும் உண்மை உண்டு. எது எந்த அளவுக்கு உண்மை என்பதை அறிந்து வைத்திருப்பது, குடும்பத்தோடு நெடுந்தூரம் ஓடும் எமக்கு இன்றியமையாததாகும்.

இவ்விவாதம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1973 ஒக்ரோபரில் மத்திய கிழக்கில் போர் மூண்டதைத் தொடர்ந்து அரபு நாடுகள் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்தன. மேற்கு ஜேர்மன் அரசு அவ்வாண்டு நவம்பர் 25 முதல் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனங்கள் ஓடுவதையே தடை செய்தது. ஓட்டோபானில் 100 கிலோமீற்றர் வேக எல்லை விதிக்கப்பட்டு, 1974 மார்ச் வரை நடைமுறையில் இருந்தது. பின்னர் அது நீங்கியது. 130 கிலோமீற்றர் என்பது ஒரு பரிந்துரையாக மட்டுமே நிலைத்தது.

அமெரிக்காவோ 1974 ஜனவரியில் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கிலோமீற்றர், என்ற எல்லையைச் சட்டமாக்கியது. நோக்கம் எண்ணெய்ச் சிக்கனம் ஒன்றே. ஆனால் 1973இல் 54,000 ஆக இருந்த வீதி மரணங்கள் 1974இல் 45,000 ஆகக் குறைந்தன. பெற்றோல் தட்டுப்பாட்டால் மக்கள் குறைவாக ஓடியதும் இதற்கு ஒரு காரணம். எனினும் வேகக் குறைப்புக்கும் இதில் பங்கு உண்டு. எண்ணெய்க்காக வந்த சட்டம் உயிர்காக்கும் சட்டமாகப் பேசப்பட்டு, 1995 வரை நீடித்தது.

ஒரே கணக்கின் இரு முகங்கள்

வேகத்தைக் குறைத்தால் எண்ணெயும் உயிரும் சேர்ந்தே மிஞ்சுவது ஏன்? இரண்டுக்கும் அடிப்படையான கணக்கு ஒன்றே என்பதனாலாகும். வாகனத்தை எதிர்க்கும் காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 100இல் இருந்து 130க்கு வேகம் 30 வீதம் கூடும்போது காற்றுத்தடை 69 வீதம் கூடிவிடும். பெற்றோல் செலவு அதே அளவுக்கு ஏறாவிடினும், ஏறுவதில் பெரும்பங்கு இதனாலேயே. மோதும்போது வாகனம் சுமந்திருக்கும் சக்தியும் அதே வர்க்கக் கணக்கின்படியே, அதே 69 வீதம் கூடுகிறது.

சாரதிப் பயிற்சியிலே நாம் மனனம் செய்த சூத்திரத்தை இங்கே நினைவுகூர்வோம். வேகத்தைப் பத்தால் வகுத்து மூன்றால் பெருக்கினால், ஆபத்தை உணர்ந்து பிறேக்கை மிதிக்குமுன் வாகனம் ஓடும் தூரம் கிடைக்கும். பத்தால் வகுத்ததை அதே எண்ணால் பெருக்கினால் பிறேக் பிடித்தபின் ஓடும் தூரம் கிடைக்கும். 100இல் 30உம் 100உமாக 130 மீற்றர். 130இலோ 39உம் 169உமாக 208 மீற்றர்.

இவ்விரு வாகனங்களும் அருகருகே ஓடுகையில் முன்னால் ஒரு தடையைக் கண்டு ஒரே நேரத்தில் பிறேக் பிடிக்கின்றன எனக் கொள்வோம். முதலாவது நின்றுவிடும் அதே இடத்தை இரண்டாவது இன்னமும் 88 கிலோமீற்றர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். இந்த விலைக்கு நாம் பெறும் இலாபம் என்ன? நூறு கிலோமீற்றர் பயணத்தில் வெறும் 14 நிமிடங்கள்.

மெதுவோட்டம் எப்போது ஆபத்தாகிறது?

இனி மறு சாராரின் கூற்றுக்கு வருவோம். 80இல் செல்லும் வாகனத்தை 180இல் வருபவர் நெருங்குகையில், செக்கனுக்கு 28 மீற்றர் வீதம் இடைவெளி சுருங்குகிறது. 200 மீற்றர் இடைவெளி ஏழு செக்கன்களில் மறைந்துவிடும். 1964இல் அமெரிக்காவில் டேவிட் சொலமன் வெளியிட்ட ஆய்வு, சராசரியை விட மிக வேகமாக ஓடுவோர் மட்டுமல்ல, மிக மெதுவாக ஓடுவோரும் கூடுதலான விபத்துகளில் சிக்குவதாகக் காட்டியது. திரும்புவதற்காக வேகம் குறைத்த வாகனங்களும் அக்கணக்கில் சேர்ந்துவிட்டன எனப் பிற்கால ஆய்வாளர் குறை கூறினர். ஆயினும் வேக வேறுபாடு ஆபத்தானது என்பது பொய்யன்று.

ஆகவே மெதுவாக ஓடுபவர் எங்கே ஓடுகிறார் என்பதே கேள்வி. வலப்புறப் பாதையில் லொறிகள் 80, 90இல் செல்கின்றன. அங்கே 100இல் ஓடுபவர் எவருக்கும் இடையூறல்லர். அதே 100இல் நடுப்பாதையை விடாது பிடித்துக்கொண்டு ஓடுபவரோ பெரும் இடையூறாவார். வலப்புறமாக முந்துவது இந்நாட்டில் தடை செய்யப்பட்டிருப்பதால், பின்னால் வருவோர் இரு பாதைகள் தாண்டி இடது ஓரத்துக்குச் செல்ல நேரிடும். தகுந்த காரணமின்றிப் போக்குவரத்தைத் தடுக்கும் அளவுக்கு மெதுவாக ஓடுவதும் சட்டப்படி குற்றமே.

போலிச் சிக்கனம்

சிக்கனம் எமக்குப் புதிதன்று. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய மக்கள் நாம். ஆனால் அன்றைய பழக்கங்கள் யாவும் இன்றைய வாகனத்துக்கும் வீதிக்கும் பொருந்தா.

இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது அவற்றுள் ஒன்று. இன்றைய எஞ்சின்களில், கியரில் வைத்தபடி அக்ஸிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் எரிபொருள் முற்றாக நின்றுவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க எண்ணெய் செலவாகும். எஞ்சின் தரும் பிறேக் வலிமையும் இல்லாது போகும். எஞ்சினையே நிறுத்திவிடுவது அதனினும் கொடிது. பிறேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவி அற்றுப்போகும்.

லொறிக்குப் பின்னால் ஒட்டி ஓடிக் காற்றுத்தடையைத் தவிர்ப்பது இன்னொன்று. முன்னால் நடப்பது எதுவும் தெரியாது. லொறிச் சாரதிக்கும் நாம் தெரியமாட்டோம். வேகமானி காட்டும் எண்ணில் பாதியை மீற்றராகக் கொண்டு, 90இல் 45 மீற்றர், 100இல் 50 மீற்றர் இடைவெளி விடுவதே விதி. மாறாக ரயர்களில் உரிய காற்றைப் பேணுவதும், தேவையற்ற கூரைப்பெட்டியைக் கழற்றுவதும், சீரான வேகத்தில் ஓடுவதும் எவ்வித ஆபத்துமின்றி எண்ணெயை மிச்சப்படுத்தும்.

ஆண்டுதோறும் ஹம் காமாட்சி அம்பாள் ஆலயத் திருவிழாவுக்குப் பல நகரங்களில் இருந்தும் அயல் நாடுகளில் இருந்தும் எமது குடும்பங்கள் வருகின்றன. உணவகத்தில் இரவு வேலை முடித்த கையோடு வாகனம் எடுப்போரும் உளர். உறக்கம் தழுவும் கண்களுக்கு மெதுவோட்டம் மருந்தாகாது. ஓய்வே மருந்து. ஓய்ந்து எழுந்து, கால் மணி நேரம் முன்னதாகப் புறப்பட்டு, வலப்புறப் பாதையில், உரிய இடைவெளி விட்டு 100இல் ஓடுங்கள். மிஞ்சும் பெற்றோல் காசு சிறிதாக இருக்கலாம். பின்னிருக்கையில் உறங்கும் பிள்ளைகளுக்கு அந்த 78 மீற்றர் சிறிதன்று.